வெட்டி வேலையும் நம்ம வேலையும்

எங்கப்பா சாவு சொல்லப் போகிற ஆள்.

ஊர்த்தெருவில் யார் வீட்டில் உயிர் போனாலும் முதலில் ஆள் வருவது எங்கள் காலனிக்குத்தான். நடுச்சாமம் ஆனாலும் சரி, மழை கொட்டினாலும் சரி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ‘டேய்’ என்று ஒரு குரல். அவ்வளவுதான். பேர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள். எங்கப்பா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவார். செத்துப்போனவருக்கு எந்தெந்த ஊரில் என்னென்ன உறவு, பெண் கொடுத்தது எங்கே, பெண் எடுத்தது எங்கே என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே தெரியாத உறவெல்லாம் அவருக்குத் தெரியும். பத்து மைல், பன்னிரண்டு மைல் நடப்பார். போய்ச் சேர்ந்த ஊரில் தெருவுக்குள் செருப்போடு போகக்கூடாது. வாசலுக்கு எட்ட நின்று சொல்ல வேண்டும். சொன்னதும் வீட்டுக்குள் அழுகை கிளம்பும். இவர் வெளியிலேயே நிற்பார். யாருக்காவது ஞாபகம் வந்து கொட்டாங்குச்சியில் கூழ் ஊற்றினால் குடிப்பார். இல்லையென்றால் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். திரும்பி வந்து குழி வெட்ட வேண்டும், இல்லையென்றால் கட்டை அடுக்கிப் பிணம் வெந்து முடிகிறவரை காவல் நிற்க வேண்டும்.

இதற்கெல்லாம் கூலி என்ன? அறுவடையின்போது களத்தில் அள்ளிப் போடுகிற கொஞ்சம் நெல். பழைய கணக்குகளில் இந்த மாதிரிப் படிக்குச் ‘சுதந்திரம்’ என்று பேர் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவனை என்னவென்று சொல்வது!

இந்த வேலைக்கு எங்கள் ஜனங்கள் வைத்த பேர் வெட்டி. வெட்டி என்றால் சும்மா செய்வது. வேண்டாம் என்று சொல்ல முடியாமல் செய்வது.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், ஏழெட்டு வருசமாக எங்கள் காலனியில் நாங்கள் சில பேர் காசு வாங்காமல் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறோம். அதைப் பற்றி எழுதச் சொல்லித் தோழர்கள் கேட்டார்கள். ‘தன்னார்வத் தொண்டு’ என்று தலைப்பும் கொடுத்தார்கள். அந்தச் சொல் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. தலைமுறை தலைமுறையாகச் சம்பளமில்லாமல் ஊருக்கு உழைத்த சனத்துக்கு இன்னொருத்தன் வந்து தொண்டு சொல்லித் தர வேண்டுமா என்று தோன்றுகிறது. அதனால் எனக்குத் தெரிந்த வழியிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நான் பிறந்தது 1958. அப்போது தென்னாற்காடு மாவட்டம். 1993இல்தான் விழுப்புரம் தனி மாவட்டமானது. பத்துக்கு மேல் ஒரு வகுப்பு படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். 1980இல் டவுன் தபாலாபீசில் வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அந்தக் காலத்தில் வீட்டு வாசலில் தந்தி என்று சத்தம் கேட்டாலே பொம்பளைகள் வயிற்றில் அடித்துக்கொள்வார்கள். பாதிக்குப் பாதி சாவுச் சேதிதான். எங்கப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: “நானும் சாவு சொன்னேன். நீயும் சாவு சொல்ற. ஒனக்கு சைக்கிளும் காக்கிச் சட்டையும் சம்பளமும் குடுத்திருக்கான். அம்மாந்தான் வித்தியாசம்.”

ஆனால் வித்தியாசம் இருந்தது. நான் வாசல்படிக்கே போவேன். கையெழுத்து வாங்குவேன். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிரித்துப் படித்துச் சொல்வேன். அழுகிறவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த தந்திக்குப் போவேன். பிறகு போஸ்ட்மேன் ஆனேன். முதியோர் பென்சன் மணியார்டரில் வந்த காலம் அது. பத்தாம் தேதி வாக்கில் கிழவிகள் திண்ணையில் காத்துக்கொண்டிருப்பார்கள். பணத்தை எண்ணிக் கையில் கொடுத்தால் உடனே விடமாட்டார்கள். “ஒக்காரு தம்பி, மோர் குடி” என்று சொல்லிவிட்டு மருமகள் திட்டியதிலிருந்து ஆடு குட்டி போட்டதுவரை சொல்வார்கள். நானும் கேட்பேன். அவர்களுக்கு மாசத்தில் ஒரு நாள் வருகிற விருந்தாளி நான்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிற்பாடு பென்சன் பேங்குக்குப் போனது. பணம் கொடுக்கிறதில் நடுவில் கைவைக்கிறார்கள் என்ற புகாருக்கு அது நல்லதுதான். ஆனால் வீடு தேடி வந்த ஆள் நின்றுபோனான். 2013 சூலையில் நாடு முழுக்கத் தந்தியையும் நிறுத்தினார்கள்.

அந்தத் திண்ணைகளில் மோர் குடித்தேன் என்றேனே, அது எந்தத் தெருவில் என்று கேட்க மாட்டீர்களா? காக்கிச் சட்டைக்குச் சாதி தெரியாத தெருவில். தெரிந்த தெருவில் வாசலோடு சரி.

இனி சொல்லப் போவது எனக்கு அவமானமான விசயம். சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

1978 சூலையில் விழுப்புரத்தில் சாதிக் கலவரத்தில் நம் ஆட்கள் 12 பேரைக் கொன்றார்கள். எனக்கு அப்போது இருபது வயசு. அந்தப் பயம் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. டவுனில் வீடு தேடினபோது சாதியைச் சொல்லவில்லை. “எந்தப் பக்கம்?” என்று கேட்டால் ஊர்ப் பேரைச் சொல்வேன். “ஊர்ல எந்தத் தெரு?” என்றால் ஏதாவது சொல்லி மழுப்புவேன். 1988இல் ஒரு நல்ல தெருவில் வீடு கிடைத்தது. குழாய், கக்கூஸ், கரண்டு எல்லாம் இருந்தது. வீட்டுக்கார அம்மா நல்லவர்தான், தெரியாதவரைக்கும்.

1991இல் ஒரு நாள் எங்கப்பா வந்தார். அரிசி மூட்டையும் முருங்கைக்காயும் தலைமேல். செருப்பைக் கழற்றித் தெருமுனையிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்திருக்கிறார். துண்டு இடுப்பில். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று, “யாருங்க இது?” என்று கேட்டார். நான் சொன்னேன்: “ஊர்ல நெலத்தப் பாத்துக்கிற ஆளு.”

எங்கப்பா ஒன்றும் பேசவில்லை. மூட்டையை இறக்கி வைத்தார். “வரேங்க” என்று என்னைப் பார்த்து, ‘ங்க’ போட்டுச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவர் வரவே இல்லை. 1996இல் செத்துப்போனார். அவருக்குச் சாவு சொல்ல யாரும் நடக்கவில்லை. எனக்கு ஆபீசுக்குப் போன் வந்தது.

இவ்வளவு மறைத்தும் ஒன்றும் மறையவில்லை. ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். ஆபீசிலிருந்து தெருவுக்குப் போக எத்தனை நாள் ஆகும்? யாரும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை. அசிங்கமாகப் பேசவும் இல்லை. மெல்ல மெல்ல ஒதுங்கிக்கொண்டார்கள். கொலு வந்தால் என் சம்சாரத்துக்கு அழைப்பு நின்றது. இரவல் வாங்குவது, கொடுப்பது நின்றது. நான் பகல் முழுக்க சைக்கிளில் சுற்றுகிறவன். எனக்கு நூறு முகம். அவளுக்கு நாலு சுவர். முப்பது வருசத்தில் அவள் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்ததில்லை. ஒரு நாள் சொன்னாள்: “இந்தத் தெருவுல நம்ம வாசல்ல போடற கோலத்த மிதிக்கக்கூட ஆள் இல்லைங்க. போட்டது போட்டபடியே கெடக்கு.” நான் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

2016இல் அவள் போனாள். ராத்திரி ஒன்பது மணி. தெருவில் சில பேர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். “பாவம், நல்ல பொம்பள” என்றார்கள். போய்விட்டார்கள். அந்தத் தெருவில் அத்தனை வீட்டுக்கும் சாவுத் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அன்றைக்குப் பிணத்தோடு நானும் மகனும் மட்டும். என் சித்தப்பா மகனுக்கு ஒரு போன் போட்டேன். பதினெட்டு கிலோமீட்டர். பதினோரு மணிக்கெல்லாம் ஒரு டாட்டா ஏஸ் வண்டியில் காலனி சனம் வந்து இறங்கியது. எத்தனையோ வருசமாக நான் எட்டிப் பார்க்காத சனம். பொம்பளைகள் நேராக உள்ளே போய் அவளைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். முப்பது வருசம் ஆள் வராத வீட்டில் அன்றைக்கு உட்கார இடம் இல்லை.

2018இல் ரிட்டயர் ஆனதும் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு காலனிக்கே வந்துவிட்டேன். மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். கூப்பிட்டான், போகவில்லை.

தோழர்களே, இந்த இடத்தில் ‘சேரிக்குத் திரும்பினேன், தனிமை தீர்ந்தது’ என்று எழுதிவிடலாம். நம்மில் பல பேர் அப்படித்தான் எழுதுகிறோம். நம் சனம் ஒன்றாகச் சாப்பிடும், ஒன்றாக அழும், சேரியில் தனிமையே கிடையாது என்று. அது பாதி உண்மை. நான் வந்து நாலாவது மாசம் எங்கள் காலனியிலேயே ஒரு பெரியம்மா வீட்டுக்குள் செத்துக் கிடந்து ஒரு பகலும் ஒரு ராத்திரியும் யாருக்கும் தெரியவில்லை. ஒரு மகன் திருப்பூரில், ஒருத்தன் பெங்களூரில் கட்டட வேலையில். எதிர் வீட்டில் பூட்டு. அடுத்த வீட்டில் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போயிருந்தார்கள். கதவு சாத்தியிருந்தால் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். ஆடு கத்துகிறதே என்று ஒரு பையன் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்தது.

நிலமில்லாத சனம் பிழைப்புக்கு ஓடினால் சேரியில் மிஞ்சுவது கிழடும் குழந்தையும்தான். இதைத் தனிமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இதற்குக் காரணம் நிலம். ஆனால் நிலம் வருகிறவரைக்கும் அந்தக் கதவை யாராவது தட்ட வேண்டும் இல்லையா?

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் படிப்பகத்தில் உட்கார்ந்தோம். படிப்பகம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தகரக் கூரை, ஒரு அம்பேத்கர் படம், சீட்டுக்கட்டு. நான் சொன்னேன்: “காலையில ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர், தனியா இருக்கிற கெழவன் கெழவி வூட்டுக்கெல்லாம் போயி ஒரு வார்த்த பேசிட்டு வரலாம். மாத்திர இருக்குதா, சாப்பிட்டாங்களான்னு பாக்கலாம்.”

ஒரு தம்பி எழுந்தான். பாலிடெக்னிக் முடித்தவன், இயக்கத்தில் இருக்கிறவன். “மாமா, தப்பா நெனக்காதீங்க. ஒங்கப்பா வூடு வூடா நடந்தாரு. அத நிறுத்தறதுக்கு ரெண்டாயிரத்துல எங்க அண்ணனுங்க அடி வாங்குனாங்க. ஊர்க்காரன் வேல தர மாட்டேன்னான், கடையில சாமான் தர மாட்டேன்னான். அப்பவும் பறையத் தூக்கல, சாவு சொல்லப் போகல. நீங்க டவுன்ல இருந்துட்டு இப்ப வந்து வெட்டி வேலைய திரும்ப ஆரம்பிக்கிறீங்களா?”

அவன் கேட்டதில் ‘டவுன்ல இருந்துட்டு’ என்பதும் எனக்குச் சரியாகக் குத்தியது. நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை.

அவன் கேட்டது நியாயம். அரசியல் சட்டம் 23ஆம் பிரிவு வெட்டி வேலையைத் தடை செய்திருக்கிறது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 சனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்த திருத்தம், நம்மை வற்புறுத்திப் பிணம் தூக்க வைப்பதையும் குழி வெட்ட வைப்பதையும் குற்றம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எத்தனை பேர் அடிபட்டு வந்த சட்டம் இது. அப்படியிருக்கும்போது சம்பளமில்லாத வேலை என்றாலே நம் பிள்ளைகளுக்கு உடம்பு எரிவதில் தப்பில்லை. தொண்டு செய்ய வருகிறேன் என்கிறவனையும் நம் சனம் ரொம்பப் பார்த்துவிட்டது. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் முடிந்ததும் தீண்டாமையை ஒழிக்க என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் பின்னால் அரிசன சேவா சங்கம் ஆனது. அதன் செயலாளர் தக்கருக்கு அம்பேத்கர் அந்த நவம்பரில், மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, நீளமாக ஒரு கடிதம் எழுதினார். தனி ஆளுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுக்கிற வேலையை விட்டுவிட்டு, கிணற்றிலும் பள்ளிக்கூடத்திலும் உரிமைக்கு நில்லுங்கள் என்றார். ஒருத்தர் வீட்டுக்குள் ஒருத்தர் புழங்குகிற உறவு வர வேண்டும் என்றார். வேலை செய்கிறவர்களைத் தீண்டப்படாதவர்களிலிருந்தே எடுங்கள், சொந்தச் சனத்தின்மேல் இருக்கிற அன்பு சம்பளத்துக்கு வருகிறவனுக்கு வராது என்கிற அர்த்தத்திலும் எழுதினார்.

வீட்டுக்குள் புழங்குவது. இந்த இடத்தில்தான் எனக்கு வெளிச்சம் வந்தது. எங்கப்பா பத்து மைல் நடந்தது வெட்டி ஆனதற்குக் காசில்லாதது மட்டும் காரணமில்லை. அவரால் முடியாது என்று சொல்ல முடியாது. பிறப்பைப் பார்த்து அவர் தலையில் கட்டினார்கள். நடந்து போய்ச் சேர்ந்த வீட்டுக்குள் அவர் போக முடியாது. இந்த மூன்றும் இருந்தால் கூலி கொடுத்தாலும் அது வெட்டிதான். இந்த மூன்றும் இல்லாவிட்டால் காசு இல்லாவிட்டாலும் அது வேறு வேலை.

மறுநாள் அந்தத் தம்பியிடம் போய் இதையே சொன்னேன். கேட்டுக்கொண்டான். “அப்பிடின்னா எழுதி ஒட்டுங்க மாமா” என்றான். ஒரு அட்டையில் எழுதி ஒட்டினோம். ஒன்று, யாரும் வர முடியாது என்று சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது. இரண்டு, முறை வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும், இன்னார்தான் இந்த வேலை என்று ஆகக் கூடாது. மூன்று, வாசலில் நின்று விசாரித்துவிட்டு வரக் கூடாது. உள்ளே போய் உட்கார்ந்து தண்ணியாவது குடித்துவிட்டு வர வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். பதினோரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி.

இப்படி ஆரம்பித்தோம். எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நினைக்காதீர்கள். முதல் மாசம் எட்டுப் பேர். மூன்றாவது மாசம் நாலு பேர். ஒரு தாத்தா, “எவனும் எனக்கு வேணாம், போங்கடா” என்று கல்லெடுத்தார். அவர் வீட்டை விட்டுவிட்டோம். வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் உரிமை உண்டு. ரெண்டு மாசம் கழித்து அவரே படிப்பகத்துக்கு வந்து, “பேப்பர்ல இன்னா போட்டிருக்கான்?” என்று கேட்டார். அவருக்குக் கண் தெரியாது. ஏழாவது படிக்கிற ஒரு பாப்பா தினமும் அவருக்குத் தலைப்பு எல்லாம் படித்துக் காட்டினாள். தப்பாகப் படித்தால் அவர் திட்டுவார். அந்தப் பாப்பாவுக்குத் தமிழ் நன்றாக வந்ததற்கு அந்தத் திட்டுதான் காரணம் என்று அவள் அம்மா சொல்கிறாள்.

பிறகு பொம்பளைகள் கேட்ட கேள்வி. எங்கள் அட்டையைப் படித்துவிட்டு என் சித்தப்பா மகன் சம்சாரம் சிரித்தாள். “ஆம்பளைங்க வந்து ஒக்காந்து தண்ணி குடிச்சிட்டு நோட்டுல எழுதிட்டுப் போறீங்க. அந்தத் தண்ணிய மோந்து குடுக்கறது யாரு? பீ மூத்திரத் துணிய அலசறது யாரு? பக்கத்து வூட்டுப் பொம்பளதான? அவ முடியாதுன்னு சொல்லிட முடியுமா? அவளுக்கு முற உண்டா? ஒங்க சட்டப்படி பாத்தா நாங்க செய்யறதுதான் வெட்டி.”

அன்றைக்குப் படிப்பகத்தில் ஒரு ஆம்பளைக்கும் வாய் திறக்கவில்லை. நாலாவது விதியாக அதை எழுதினோம்: துணி அலசுவதும் முறையில் சேரும், ஆம்பளைக்கும் சேரும். ரெண்டு பேர் அதோடு நின்றுவிட்டார்கள். நான் அறுபது வயசில் முதல் முறையாக ஒரு கிழவரின் மூத்திரத் துணியை அலசினேன். என் சம்சாரம் படுக்கையில் கிடந்த மூன்று மாசம் அதை ஒரு ஆள் வைத்துச் செய்தேன். அது ஞாபகம் வந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது இந்த நோட்டுதான் உதவியது. யாருக்குச் சர்க்கரை மாத்திரை, யாருக்குப் பிரசர் மாத்திரை, எது எந்தத் தேதியில் தீரும் என்று நோட்டில் இருந்தது. பையன்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு சைக்கிளில் போய் வாங்கிவந்தார்கள். திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் திரும்பி வந்தவர்கள் வேலை இல்லாமல் இருந்தார்கள். அவர்களில் படித்தவர்கள் படிப்பகத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். 2021 அக்டோபரில் அரசாங்கம் எங்கள் மாவட்டத்தில்தான் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. மாசம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் காலனிப் பெண் ஒருத்தி அதில் சேர்ந்தாள். அவளுக்குப் பணம் வருகிறது, எங்களுக்கு வரவில்லையே என்று ஒரு சலசலப்பு வந்தது. “குடுக்கிற எடத்துல வாங்கறதுதான் சரி. சும்மா செய்யறதுதான் ஒசத்தின்னு நாம எப்ப சொன்னோம்?” என்று முதலில் என்னைக் கேள்வி கேட்ட அந்தத் தம்பிதான் பேசினான். சரிதானே. அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைக்கு அரசாங்கம் காசு கொடுக்க வேண்டும். 2023இல் முதியோர் பென்சனை 1200 ஆக்கினார்கள். விண்ணப்பம் போட்டும் வராத மூன்று பேருக்கு மனு எழுதி, தாலுக்கா ஆபீசுக்கு ஏழு தடவை நடந்து வாங்கிக் கொடுத்தோம். நாங்கள் பேச்சுத்துணைக்குப் போகிறோம் என்பதால் பென்சன் வேண்டாம் என்று ஆகிவிடாது.

இது புதுசும் இல்லை. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். அம்பேத்கர் 1924இல் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கி விடுதியும் படிப்பகமும் நடத்தினார். அயோத்திதாசர் 1907இலிருந்து சாகிறவரை வாராவாரம் ‘தமிழன்’ பத்திரிகை கொண்டுவந்தார். கோலார் தங்கவயலில் கூலி வேலை செய்த நம் சனம் அந்த இயக்கத்தைத் தாங்கியது. அவர்களை யாரும் ‘டேய்’ என்று வேலிக்கு அப்பால் நின்று கூப்பிடவில்லை. அவர்களாகவே கூடினார்கள்.

கடைசியாக ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நோட்டில் பதினோரு வீடு என்று சொன்னேன் இல்லையா? பேப்பர் படித்த அந்தப் பாப்பா ஒரு நாள் கேட்டாள்: “தாத்தா, ஏரிக்கர ஓரமா ஒரு ஆயா இருக்குதே, அது தனியாத்தான இருக்குது? அது பேரு ஏன் இல்ல?”

அந்த ஆயா புதிரை வண்ணார். நமக்குத் துணி வெளுத்த சனம். நமக்குக் கீழே என்று நாம் வைத்திருக்கிற சனம். நம் வீட்டுப் பிள்ளைப்பேற்றுத் துணி, சாவுத் துணி, தீட்டுத் துணி எல்லாம் அவர்கள் தலையில். ராத்திரி நேரத்தில் நம் வாசலில் நின்று சோறு வாங்கிப் போவார்கள். உள்ளே வரமாட்டார்கள். நாம் விடமாட்டோம். நான் மூன்று விதி எழுதி ஒட்டினேனே, அந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் எங்கள் காலனியில் வெட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்தான். எட்டுப் பேர் கூடிப் பட்டியல் போட்டோம். ஒருத்தர் கண்ணிலும் அந்தக் குடிசை படவில்லை. எழுதும்போது கை கூசுகிறது.

மறுநாள் நானே போனேன். என்னைப் பார்த்ததும் ஆயா எழுந்து குடிசைக்கு வெளியே வந்து ஒதுங்கி நின்றது. “இன்னா சாமி, துணி எதுனா இருக்குதா?” என்றது. சும்மா பார்க்க வந்தேன் என்றால் நம்பவில்லை. பதினைந்து இருபது நாள் அப்படியே போனது. நான் போவேன். ஆயா வெளியே நிற்கும். நானும் வெளியே நிற்பேன். ஒரு நாள் மழை. உள்ளே போனேன், உட்கார்ந்தேன். டம்ளர் இல்லை என்றது. இருக்கிறதில் கொடு என்றேன். அலுமினியச் சொம்பில் தண்ணீர் கொடுத்தது. குடித்தேன். நான் குடித்து முடிக்கிறவரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் சொன்னது: “ஒங்கப்பன் செத்தப்ப நான்தான் துணி எடுத்தேன். நீ பட்டணத்துல இருந்து வந்து வாசல்ல நின்ன. நான் அந்தாண்ட நின்னேன். ஒங்கப்பன் நல்ல மனுசன். ஊரெல்லாம் நடந்துட்டு வர்றப்ப எங்கூட்டாண்ட வந்து ஒக்காருவான். கால் நோவுதுன்னு சொல்லுவான். தண்ணி வாங்கிக் குடிப்பான்.”

எனக்கு இது தெரியாது. வெளியூரில் எந்த வீட்டுக்குள்ளும் போக முடியாத எங்கப்பா, இந்த வீட்டுக்கு மட்டும் யார் சொல்லியும் இல்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவரை நிலம் பார்த்துக்கொள்கிற ஆள் என்று சொன்ன வாயால் நான் ஒன்றும் பேசவில்லை. சொம்பைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது நோட்டில் பன்னிரண்டாவது வரி இருக்கிறது. அதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டு முறை வந்தால் மட்டும் வயிற்றுவலி வருகிற ஆட்கள் இன்னும் ரெண்டு பேர் இருக்கிறார்கள். காரணம் கேட்கக் கூடாது என்று நாங்களே எழுதி வைத்திருக்கிறோம். அதனால் அவர்கள் முறையிலும் நானே போகிறேன். சில நாள் அந்தப் பாப்பா போகிறாள். அவளிடம் ஆயா வெளியில் வந்து நிற்பதில்லையாம்.

படிக்கிற தோழர்கள் உங்கள் ஊரிலும் ஒரு நோட்டு வாங்குங்கள். பட்டியல் போட்டு முடித்ததும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். ஒரு வீடு விட்டுப்போயிருக்கும்.